அடுப்பில்லாத ஜாம்: கொதிக்க வைக்காவிட்டால் யார் அந்த வேலையைச் செய்வது?

போன மாம்பழ சீசனில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்திலிருந்து இந்தப் பதிவு ஆரம்பிக்கிறது.

மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். காலையில் அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரொட்டிதான், அதற்கு ஒரு ஜாம் வேண்டும் என்றாள். வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்திருந்தது. "சமைக்காத ஜாம், சத்து போகாது, மாசக்கணக்கில் கெடாது." சரி, பார்த்துடலாம் என்று இறங்கினேன். ஒரு கிலோ மாம்பழ விழுதுக்கு ஒரு கிலோ சர்க்கரை என்று அதில் சொன்னார்கள். எங்க அப்பாவுக்கு இருபது வருஷமா சுகர், அதனால் வீட்டில் யார் சர்க்கரை டப்பாவைத் திறந்தாலும் என் கை தானாகவே அளவைக் குறைத்துவிடும். கால் கிலோதான் போட்டேன். மிக்ஸியில் அடித்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றி, இறுக்கி மூடி, ஊருக்குப் போகிற ஒருத்தரிடம் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் போன். "அப்பா, மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு சத்தம் வருது. மேல நுரை. லேசா கள்ளு வாசனை அடிக்குது."

"சாப்பிட்டியா?"

"நேத்து வரைக்கும் நானும் ரூம்ல இருக்கிறவங்களும் சாப்பிட்டோமே."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நல்ல வேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நாலு பிள்ளைகளுக்கு நான் எதைக் கொடுத்தனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது. அதற்கப்புறம் சில வாரம் உட்கார்ந்து படித்தேன், கணக்குப் போட்டேன், வீட்டில் செய்து பார்த்தேன். அதன் சுருக்கம் இது.

கொதி ஒன்று, வேலை நாலு

எங்கள் தொழிலில் புதிதாகச் சேருகிற பசங்களுக்கு நான் சொல்வது ஒன்று உண்டு. பழைய நிரலில் தேவையில்லாத மாதிரி தெரிகிற ஒரு வரியை அழிப்பதற்கு முன்னால், அது என்னென்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடு. ஜாம் விஷயத்தில் அதை நானே மறந்துவிட்டேன். பழத்தையும் சர்க்கரையையும் அடுப்பில் வைத்துக் கொதிக்க விடும்போது சேர்ந்தாற்போல் நாலு வேலை நடக்கிறது.

ஒன்று, தண்ணீர் ஆவியாகிப் போகிறது. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான்; மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல், ஸ்ட்ராபெரியில் தொண்ணூறை ஒட்டி. தண்ணீர் குறையக் குறையச் சர்க்கரையின் விகிதம் ஏறும். கடல் மட்டத்தில் இருக்கிற ஊரில் ஜாம் 104, 105 டிகிரிக்கு வரும்போது பதம் என்கிறார்களே, அது இதனால்தான். வெறும் தண்ணீர் 100-ல் கொதிக்கும். கரைசலில் சர்க்கரை 65 சதவீதத்தை எட்டும்போது கொதிநிலை அவ்வளவு ஏறுகிறது. நம் நாட்டு உணவுத் தர விதிப்படியும் 'ஜாம்' என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், கரைந்திருக்கும் திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும்.

இரண்டு, பெக்டின் வெளியே வருகிறது. பழத்தின் செல் சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கிற பசை இது. 1825-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஆன்றி பிராக்கோனோ இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். 'உறைந்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். காயில் இது தண்ணீரில் கரையாத வடிவத்தில் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். சூடும் புளிப்பும் சேர்ந்தால்தான் அவிழ்ந்து வந்து, பிறகு ஆறும்போது வலை மாதிரி பின்னி ஜாமை உறைய வைக்கும்.

மூன்று, பழத்தோடும் கையோடும் கரண்டியோடும் வந்த ஈஸ்ட், பூஞ்சை, பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன.

நான்கு, பழத்தின் என்சைம்கள் செயலிழக்கின்றன. நறுக்கி வைத்த வாழைப்பழமும் ஆப்பிளும் கறுத்துப் போவது என்சைம் வேலை. கொதி வந்தால் அது நின்றுவிடும்.

அடுப்பை நீக்கினால் இந்த நாலுக்கும் வேறு ஆள் வைக்க வேண்டும். நான் யாரையும் வைக்கவில்லை. சர்க்கரைக்கும் அரைச் சம்பளத்துக்கும் குறைவாகக் கொடுத்து, முழு வேலையை எதிர்பார்த்தேன்.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை

உணவு கெடுமா கெடாதா என்பதை அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தண்ணீர் 'சும்மா' இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட தண்ணீர் கிருமிக்கு உதவாது. போதாததற்கு, கிருமியின் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும் வெளியே இழுக்கப்படும். இதை அளக்கிற அளவுகோலுக்கு வாட்டர் ஆக்டிவிட்டி என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளராது. சாதாரண ஈஸ்ட்டுகள் 0.88 வாக்கில் நின்றுவிடும். பூஞ்சைகளில் பெரும்பாலானவை 0.80 வரை தாக்குப்பிடிக்கும். சர்க்கரையையே விரும்பி வாழ்கிற சில ஈஸ்ட், பூஞ்சை வகைகள் 0.61 வரைக்கும்கூட வரும்.

இனி இந்தப் பக்கம் பாருங்கள். நல்ல கட்டியான ஜாம் 0.8-ஐ ஒட்டி இருக்கும். தேன் 0.6 பக்கம். தேன் அலமாரியிலேயே வருஷக்கணக்கில் கிடப்பதும், திறந்த ஜாம் பாட்டிலில் சில சமயம் பூஞ்சை பிடிப்பதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது.

என் மாம்பழ பாட்டிலுக்கு வருவோம். ஒரு கிலோ விழுதில் கரைந்த திடப்பொருள் சுமார் 170 கிராம். நான் போட்ட சர்க்கரை 250. மொத்தம் 420. எடையோ 1250. அதாவது 34 சதவீதம்தான். வாட்டர் ஆக்டிவிட்டி 0.96-ஐ ஒட்டி இருந்திருக்கும். மாம்பழத் தோலோடு வந்த ஈஸ்ட்டுக்கு இது விருந்து. இனிப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மே மாத வெயிலும் இருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றியது. புஸ் சத்தம் அந்த வாயு. கள்ளு வாசனை என்று மகள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஈஸ்ட் வந்து சத்தம் போட்டதால் எங்களுக்குத் தெரிந்தது. எல்லாக் கிருமியும் அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

கொல்வது வேறு, நிறுத்தி வைப்பது வேறு

சமைக்காத ஜாமில் இதுதான் மையமான விஷயம். கொதி கிருமியைக் கொல்கிறது. சர்க்கரையும் புளிப்பும் குளிரும் அதைக் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கின்றன. ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தாலோ, ஈரக் கரண்டியை விட்டாலோ, நிறுத்தி வைத்தது மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

கொதிக்க வைத்து மூடி அடைப்பதும் பழைய கதைதான். பிரெஞ்சு அரசு உணவைக் கெடாமல் வைக்கும் வழிக்குப் பரிசு தர, 1810-ல் நிக்கோலா அப்பேர் 12,000 பிராங்க் வாங்கினார். கண்ணாடி பாட்டிலில் உணவைப் போட்டு அடைத்து, அப்படியே கொதிநீரில் வைப்பதுதான் அவர் முறை. அது ஏன் வேலை செய்கிறது என்று அவருக்கே தெரியாது. பாஸ்டர் வந்து கிருமிகளைக் காட்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. நமக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்த பிறகும் கொதியை எடுத்துவிட்டு, பாட்டில் மூடியை மட்டும் இறுக்கிவிட்டால் அது அப்பேர் முறை ஆகாது. உள்ளே அடைபட்டது உயிரோடு இருக்கிற ஆள்.

முதல் வழி: ஃப்ரீசர் ஜாம்

அமெரிக்க வீடுகளில் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். நசுக்கிய ஸ்ட்ராபெரி 2 கப், சர்க்கரை 4 கப், பெக்டின் தூள் ஒரு பாக்கெட் (சுமார் 49 கிராம்), தண்ணீர் முக்கால் கப். பழத்தில் சர்க்கரையைக் கலந்து பத்து நிமிஷம் விட வேண்டும். தண்ணீரில் பெக்டினைக் கலக்கி ஒரே ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு, பழத்தில் ஊற்றி, சர்க்கரை நறநறப்பு போகும் வரை மூன்று நிமிஷம் கிளற வேண்டும். டப்பாவில் ஊற்றி மூடி, 24 மணி நேரம் வெளியே வைத்தால் உறையும். பிறகு ஃப்ரீசருக்குப் போகணும். பெக்டின் தண்ணீர் மட்டும்தான் அடுப்பைப் பார்க்கிறது, பழம் பார்ப்பதே இல்லை.

4 கப் சர்க்கரையா என்று நானும் மலைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழம் சுமார் 490 கிராம், சர்க்கரை 800, தண்ணீர் 180, பெக்டின் தூள் 49. மொத்தம் ஏறக்குறைய 1520 கிராம். கரைந்த திடப்பொருள் 890 பக்கம். வகுத்தால் 58 சதவீதம் சொச்சம்.

இந்த 58 எனக்குப் பெரிய விளக்கமாக இருந்தது. சாதாரண பெக்டின் வலை பின்ன வேண்டுமானால் சர்க்கரை 55 சதவீதத்துக்கு மேலும், புளிப்பு அளவான பிஹெச் 3.5-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். 58 அதைத் தாண்டிவிட்டது, அதனால் உறைகிறது. ஆனால் அலமாரியில் தாங்க 65 வேண்டும். அதற்கு 58 எட்டவில்லை, அதனால் குளிர் வேண்டும். பார்க்க முழு ஜாம் மாதிரி இருக்கும், வெளியில் வைத்தால் ஜாம் மாதிரி தாங்காது. வீடியோக்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். உறைந்தது என்றால் கெடாது என்று அர்த்தம் இல்லை.

ஃப்ரிட்ஜில் மூன்று வாரம், ஃப்ரீசரில் ஒரு வருஷம் என்பது பொதுவான கணக்கு. ஃப்ரீசர் என்றால் மைனஸ் 18 டிகிரி. எங்கள் வீட்டு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் மேல் பெட்டியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், மைனஸ் 8-ஐத் தாண்டவில்லை. கரண்ட் கட் வேறு. அதனால் எங்களுக்கு அந்த ஒரு வருஷக் கணக்கு கிடையாது. டப்பாவில் மேலே அரை அங்குலம் காலி விடுங்கள், உறையும்போது விரியும்.

ஸ்ட்ராபெரி தானே புளிப்பு. மாம்பழத்தில் செய்தால் எலுமிச்சைச் சாறு கட்டாயம். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெக்டின் கொட்டினாலும் பாயசம்தான் வரும்.

இரண்டாம் வழி: நம்ம பஞ்சாமிர்தம்

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்ட ஒரு கேள்வி. "பழம், சர்க்கரை, அடுப்பு கிடையாது, கெட்டியா இருக்கும். பஞ்சாமிர்தம்தானே இது?"

தலையில் தட்டிக்கொண்டேன். பழனி பஞ்சாமிர்தம்! 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. விருப்பாச்சி மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய். கூடவே பேரீச்சை, கல்கண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தை அடுப்பில் ஏற்றுவதில்லை. நான் கூகுளில் தேடிய 'சமைக்காத ஜாம்' என் வீட்டுப் பூஜை அலமாரியில் டப்பாவில் இருந்தது.

ஒவ்வொரு பொருளையும் அந்த நாலு வேலையோடு ஒட்டிப் பார்த்தேன். கொதித்துத் தண்ணீரைப் போக்குவதற்குப் பதில், தண்ணீர் அதிகம் இல்லாத பொருட்களாகச் சேர்க்கிறார்கள். மலைவாழை மற்ற ரகங்களைவிட ஈரம் குறைவு. பேரீச்சை காய்ந்த பழம், பக்கத்தில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். கல்கண்டு உடனே கரையாது. பழத்திலிருந்து மெதுவாகக் கசிகிற நீரில் அதுவும் மெதுவாகக் கரைந்து, இனிப்பை ஏற்றிக்கொண்டே இருக்கும். தேனில் இருக்கிற குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சிறிய மூலக்கூறுகள். அதே எடைக்குச் சாதாரணச் சர்க்கரையைவிட அதிகத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பெக்டின் வலை இங்கே தேவையே இல்லை, வாழைப்பழக் கூழே கெட்டி. பழம் கறுப்பதும் நடக்கத்தான் செய்கிறது. நாட்டுச் சர்க்கரை நிறத்தில் அது தெரிவதில்லை.

வீட்டு அளவு ஒன்று வைத்துக்கொண்டேன். கோயில் அளவு இல்லை, என் சமையலறை அளவு. உரித்த மலைவாழை 500 கிராம், நாட்டுச் சர்க்கரை 500, தேன் 100, விதை நீக்கிய பேரீச்சை 100, கல்கண்டு 50, உருக்கி ஆறிய நெய் 50, ஏலக்காய் கொஞ்சம். கையை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பழத்தை முதலில் பிசைந்து, சர்க்கரை போட்டு, மற்றது ஒவ்வொன்றாக.

கணக்கு: இதில் வருகிற தண்ணீர் எல்லாம் சேர்ந்து சுமார் 440 கிராம். கரையும் திடப்பொருள் சுமார் 780. விகிதம் 64 சதவீதம். அடுப்பு, தெர்மாமீட்டர் எதுவும் இல்லாமல் ஜாமுக்கான 65-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வாட்டர் ஆக்டிவிட்டி என் மதிப்பீட்டில் 0.85 பக்கம். விகிதத்தை யாரோ எண்ணால் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். கெட்டுப்போனதைக் கொட்டி, கெடாததை மறுபடி செய்து, கை கண்ட அளவாகத்தான் வந்திருக்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு எச்சரிக்கை. வாழைப்பழத்தில் புளிப்பு குறைவு, பிஹெச் 5-ஐ ஒட்டி. ஸ்ட்ராபெரிக்குக் கிடைக்கிற புளிப்புப் பாதுகாப்பு இதற்கு இல்லை. எல்லாச் சுமையும் சர்க்கரை மேல்தான். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் 0.86 வரை வளரக்கூடியது. 0.85 என்பது மதில் மேல் பூனை. 'உடம்புக்கு நல்லது' என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கை சுத்தம், காய்ந்த கரண்டி, செய்தது கொஞ்சமாக, மீதி ஃப்ரிட்ஜில். தேன் சேர்ந்த எதையும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் விதைமங்களை அந்தக் குடல் சமாளிக்காது.

மூன்றாம் வழி: சர்க்கரை வேண்டாதவர்களுக்கு

அப்பாவுக்கு முதல் இரண்டும் ஆகாது. சர்க்கரையை உண்மையிலேயே குறைக்க வேண்டுமானால், கெடாமல் வைக்கிற ஆசையை விட்டுவிட வேண்டும். நசுக்கிய பழம் ஒரு கப், சியா விதை 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன். கலக்கி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் விதை தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிடும். சப்ஜா விதையிலும் செய்து பார்த்தேன். வருகிறது, ஆனால் ஒவ்வொரு விதையும் நாக்கில் தனித்தனியாகத் தெரியும்.

இது ஜாம் போல இருக்கிற பழ விழுது, அவ்வளவுதான். நாலைந்து நாள், ஃப்ரிட்ஜில் மட்டும். பழத்தின் சொந்தச் சர்க்கரை அப்படியே இருக்கிறது, அதனால் அப்பாவுக்கும் ஒரு ஸ்பூன்தான்.

கடைசியாகச் சில வரி

சர்க்கரையைக் குறைத்தால் குளிரைக் கூட்டுங்கள். குளிர் இல்லையென்றால் சர்க்கரையில் கை வைக்காதீர்கள். இரண்டும் முடியாது, பயணத்தில் கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்து ஒழுங்காக ஜாம் காய்ச்சுங்கள். நுரை, புஸ் சத்தம், கள்ளு வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள். மேலே பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

கொதிக்காத ஜாமில் பழ வாசனை பழ வாசனையாகவே இருக்கிறது, வைட்டமின் சி-யும் அதிகம் மிஞ்சுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கான விலையை எங்காவது கொடுத்தாக வேண்டும் என்பதை வீடியோ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் மகளுக்கு, காய்ச்சிய மாம்பழ ஜாம் ஒரு பாட்டில். பஞ்சாமிர்தம் வேண்டும் என்றால் லீவுக்கு வரும்போதுதான். பாட்டில் மேல் ஒரு ஸ்டிக்கரில் செய்த தேதி எழுதி, கீழே "திறந்தால் சத்தம் வந்தால் போன் பண்ணு, சாப்பிடாதே" என்று எழுதினேன். அதைப் படம் பிடித்து ரூம் குரூப்பில் போட்டுவிட்டாளாம். சிரிக்கட்டும்.